துருவேறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு: எந்த ஸ்டட் முறியலாம், எது முறியக் கூடாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பல வருடம் நின்ற 1966 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது, சூடானதும் குறைகிறது. என்ஜினின் புகையைச் சைலன்சர் பைப்புக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு முழுக்கத் துரு. கழற்றப் போன மெக்கானிக் கீழே சைலன்சர் பைப் சேரும் இடத்தில் ஒரு ஸ்டட்டை (ஒரு முனை இரும்பில் புதைந்து, மறு முனையில் நட்டு ஏறும் மரைக்கம்பி) முறித்துவிட்டார். மீதியையும் உளி வைத்து எடுத்துவிடலாம் என்கிறார். விடலாமா?

கீழே என்றால் விடலாம். மேலே, என்ஜினின் தலைப்பகுதியான ஹெட் பக்கம் என்றால் உளியோடு அவரைக் கிட்டே சேர்க்காதீர்கள். இந்த வேலையில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். இந்தக் காரில் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் மொத்தம் பன்னிரண்டு. ஆறு ஹெட்டில் இருக்கின்றன, மற்ற ஆறு மேனிஃபோல்டின் அடியில், இரண்டு பைப் வாய்க்கும் வாய்க்கு மூன்றாக. அடியில் உள்ளவை எல்லாமே முறிந்தாலும் மேனிஃபோல்டு கையோடு வெளியே வந்துவிடும். லேத் பட்டறையில் வைஸில் பிடித்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். ஹெட்டில் ஒன்று முறிந்தால் என்ஜின் அறைக்குள் குனிந்து நின்று துளை போட வேண்டும், இல்லையென்றால் ஹெட்டையே இறக்க வேண்டும். ஆகவே பொறுமை முழுவதையும் மேலே உள்ள ஆறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவற்றுக்கு ரம்பமே போதும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எம்ஜிபியின் 1798 சிசி என்ஜின், நம் ஊர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினின் பங்காளி. இரண்டுமே பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம். இன்டேக்குக்கு இரண்டு துளை, எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று. கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பழைய அம்பாசடர் பார்த்த கை ஒன்று கிடைத்தால், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று மிரளாமல் வேலை செய்வார். வித்தியாசம் மேலே உட்கார்ந்திருக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களில்தான்.

முதலில் அந்தச் சத்தம் மேனிஃபோல்டுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். குளிரில் அதிகமாக இருந்து, இரும்பு சூடேறி விரிந்ததும் குறைந்தால் கேஸ்கட் கசிவோ வெடிப்போ இருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு தெரியும். சந்தேகம் இருந்தால், என்ஜின் ஆறியிருக்கும்போது ப்ளோயரின் குழாயைத் துணி சுற்றிச் சைலன்சர் வாயில் சொருகி ஊதுங்கள். மேனிஃபோல்டு மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை.

உங்கள் பக்கத்துக் கார்களில் இந்தத் துரு ஏன் இவ்வளவு மோசம் என்பதற்குக் காரணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் இரவு ஈரப்பதம் வருடத்தில் பெரும்பாலும் அதற்கு மேலேதான். கடல் காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்பு இரவு முழுக்க நனைந்தே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு ஊதும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் உள்ள மரை இடுக்கில் அந்த ஊதல் போக இடமில்லை. அதனால்தான் நட்டு ‘ஒட்டிக்கொண்டது’ போல இருக்கிறது. வெறும் பலத்தால் அது அசையாது. துருவைப் பொடியாக்க வேண்டும், அல்லது நட்டை விரிய வைக்க வேண்டும்.

வேலைக்கு முன்னால் மூன்று நாள் ஊறல். பாதி ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்), பாதி அசிட்டோன் கலந்தது கடையில் விற்கும் பல ஸ்ப்ரேக்களைவிட நன்றாக உள்ளே இறங்கும். அசிட்டோன் சட்டென்று ஆவியாகும், தீப்பிடிக்கும். சின்னப் பாட்டிலில் அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள். சேர்ந்து நிற்காது, ஊற்றும் முன் குலுக்க வேண்டும். முதலில் கம்பி பிரஷ்ஷால் ஸ்டட் முனையில் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அந்த அழுக்கை விட்டால் நட்டு கழன்று வரும்போது கடைசி இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். காலையும் மாலையும் ஒவ்வொரு நட்டிலும் நாலைந்து சொட்டு விட்டு, நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டு. அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கொடுக்கும். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு எண்ணெய் விட்டால், ஆற ஆற அது உள்ளே இழுபடும். கொதிக்கும் மேனிஃபோல்டில் ஊற்றாதீர்கள், குப்பென்று பிடிக்கும். அசிட்டோன் கலந்ததை முழுக்க ஆறிய இரும்பில் மட்டும் விடுங்கள். வெதுவெதுப்பில் விடுவதற்குச் சாதா ஸ்ப்ரே போதும்.

ஸ்பேனர் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிக நட்டு கெடுகிறது. இந்த நட்டுகள் 5/16 அங்குலம் யுஎன்எஃப், அதாவது அங்குலத்துக்கு 24 மரை கொண்ட நெருக்க மரை. அவற்றுக்கு அரை அங்குல ஏஎஃப் (நட்டின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம்) ஸ்பேனர், அதாவது 12.7 மில்லிமீட்டர். 13 ஆம் நம்பர் ஸ்பேனர் ஏறும், பொருந்துவது போலவும் இருக்கும். துரு தின்ற நட்டில் அந்த 0.3 மில்லிமீட்டரே மூலையை மழித்துவிடும். ஆறு பட்டை உள்ள அரை அங்குல சாக்கெட் ஒன்று வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் மூலையில் மட்டும் பிடிப்பதால் இந்த வேலைக்கு ஆகாது. மூலை ஏற்கெனவே மழிந்திருந்தால் 12 நம்பர் ஆறு பட்டை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பாருங்கள்.

இனி கழற்றும் வரிசை. 1966 வண்டியில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், இரண்டையும் துண்டியுங்கள். அந்த வருட வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும். திரும்ப மாட்டும்போது பழக்கத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்துவிடுவார்கள், ஒரு சீட்டில் எழுதி அங்கேயே ஒட்டிவையுங்கள். பெட்ரோல் பம்ப் பின்னால் உள்ள மின்சார பம்ப் என்பதால் பேட்டரி போனதும் அதுவும் நிற்கும். ஏர் ஃபில்டர், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றை எடுத்துவிட்டு, இரண்டு கார்புரேட்டரையும் நடுவில் உள்ள இணைப்புக் கம்பியோடு சேர்த்தே தூக்குங்கள். பிரித்தால் திரும்ப டியூன் செய்ய அரை நாள் போகும். பின்னாலுள்ள வெப்பத் தகட்டையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் கசிந்த துணி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அடுத்து நெருப்பு வரப்போகிறது. கீற்றுக் கொட்டகைக்குள்ளோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ இந்த வேலை வேண்டாம். வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

கீழே படுக்க வண்டியைத் தூக்க வேண்டும். டெல்டாவின் களிமண் ஈரத்தில் ஜாக்கியை விழுங்கும். அரை அங்குல இரும்புத் தகடோ தடித்த பனம்பலகையோ போட்டு, அதன் மேல் ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல் திடீரென்று நொறுங்கும், வண்டிக்கு அடியில் அதை நம்பி யாரும் படுக்கக் கூடாது. முதலில் கியர்பாக்ஸ் அருகே பைப்பைப் பிடிக்கும் பிராக்கெட்டைத் தளர்த்துங்கள். பிறகு, ஒன்று ஏற்கெனவே முறிந்துவிட்டதால், கீழே மிச்சமுள்ள ஐந்து நட்டு. பித்தளை நட்டாக இருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். இரும்பு நட்டு போட்டு இறுகியிருந்தால் நட்டு ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிளக்கலாம், கிரைண்டரால் ஸ்டட்டோடு வெட்டலாம், உங்கள் மெக்கானிக் உளியும் வைக்கலாம். அடிக்கிற அடி மேனிஃபோல்டின் காதில் படாமல் இருந்தால் சரி. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

மேலே உள்ள ஆறில் நடு நாலு நட்டுகள் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் விளிம்பையும் தடித்த வாஷர் ஒன்றால் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஓரத்து இரண்டு எக்ஸாஸ்ட்டை மட்டும் பிடிக்கும். ஓரத்து இரண்டில் தொடங்காதீர்கள். சூட்டில் மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிந்து சுருங்கி ஓர ஸ்டட்டுகளைத்தான் அதிகம் இழுத்திருக்கும், முறிய வாய்ப்பும் அவற்றுக்கே அதிகம். நடுவில் தொடங்கினால் உங்கள் கைக்கு அந்த என்ஜினின் பிடி எப்படி என்று பழகிவிடும்.

நட்டை முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு தள்ளு. துரு உடையும் ‘டக்’ சத்தம் கேட்டால் பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. நட்டு திரும்புவதற்கும் ஸ்டட் முறுகுவதற்கும் கையில் வித்தியாசம் தெரியும். திரும்பும் நட்டு கிறீச்சிடும். முறுகும் ஸ்டட் ரப்பர் போல மெத்தென்று இடம் கொடுக்கும், விட்டால் பின்னாலே வரும். அந்த மெத்தென்ற உணர்வு வந்த கணமே நிறுத்துங்கள். அடுத்த பத்து டிகிரியில் முறியும். ஸ்டட்டே நட்டோடு சேர்ந்து சுழன்று வெளியே வந்தால் சந்தோஷப்படுங்கள், எப்படியும் புதிது போடத்தானே போகிறோம்.

அசையாத நட்டுக்கு நெருப்பு. சூடாக்க வேண்டியது நட்டை, ஸ்டட்டை அல்ல. நட்டை மட்டும் சட்டென்று 500 டிகிரி ஏற்றினால் 8 மில்லிமீட்டர் துளை சுமார் 0.05 மில்லிமீட்டர் விரியும். கேட்கக் கொஞ்சம்தான், மரைக்குள் இருக்கும் துரு நொறுங்க அது போதும். நிதானமாகச் சூடாக்கினால் ஸ்டட்டும் கூடவே விரிந்து பலன் போய்விடும், ஆகவே கேஸ் வெல்டிங்கின் சின்ன முனை, கூரான சுடர். நட்டு மங்கிய சிவப்புக்கு வந்ததும் சுடரை எடுத்து, கொஞ்சம் கறுத்த பிறகு மெழுகுவர்த்தியின் அடியை மரை மீது வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். எண்ணெயைவிட இது நன்றாக வேலை செய்கிறது. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்திக்கா பஞ்சம்.

ஆனால் அந்த நடு நாலில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டு அலுமினியம். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் 600 டிகிரிக்கு மேல் ஒரே நொடியில் சொட்டிவிடும். நட்டைச் சிவக்க வைக்கும் வெப்பம் அதற்குக் கிட்டத்தட்ட எல்லை. ஆகவே நடு நாலுக்கு இண்டக்‌ஷன் ஹீட்டர் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் நட்டின் ஒரு பட்டையில், எக்ஸாஸ்ட் பக்கமாக, ஸ்டட்டைத் தொடாமல் நீளவாக்கில் வெட்டுப் போட்டு உளியை வைத்து ஒரு திருகு திருகினால் நட்டு பிளந்துகொள்ளும். நட்டின் விலை ஒன்றுமில்லை, இன்டேக்கோ இங்கே கிடைக்காத சாமான்.

ஆறும் வந்த பிறகு இன்டேக்கை முதலில், எக்ஸாஸ்ட்டைப் பிறகு எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியல் தட்டு மட்டும், நெம்புகோல் வேண்டாம். உடனே ஹெட்டின் ஐந்து துளைக்கும் ஐந்து துணி சொருகுங்கள், எண்ணி. பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்து, பிளேடால் சுரண்டி, ஈரமாகவே பையில் கட்டிப் போடுங்கள். கம்பிச் சக்கரம் வைத்துப் பொடியாக்காதீர்கள்.

ஹெட்டில் ஒன்று முறிந்தே போனால்: 10 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப். கொஞ்சமே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு 8 மில்லிமீட்டர் நட்டை வைத்து நட்டின் துளைக்குள்ளிருந்து வெல்டிங் வைத்து நிரப்புங்கள். மிக் வெல்டிங் கிடைத்தால் நல்லது. ஆர்க் என்றால் 2.5 மில்லிமீட்டர் ராடு. எர்த் கிளாம்ப் ஹெட்டிலேயே இருக்கட்டும். சிவப்பு அடங்கும் வரை விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். நாலைந்து தடவை வெல்டிங் பிய்ந்துவரும், திரும்ப வையுங்கள். பத்தில் எட்டு இப்படியே வந்துவிடும், ஏனென்றால் அந்தச் சூடு ஸ்டட்டைத் தன் துளைக்குள் நெரித்துத் துருவை உடைத்துவிடுகிறது.

ஈஸி-அவுட் என்ற இடது மரைத் திருகியை இங்கே பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி. நட்டையே விடாத துரு இந்த மெல்லிய திருகிக்கு விடுமா? அது உள்ளே முறிந்தால் சாதா டிரில் பிட் அதைக் கீறக்கூட முடியாது.

துளைதான் போட வேண்டும் என்றால் நடுப்புள்ளி தவறக் கூடாது. 10 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் லேத்தில் நேராக 5 மில்லிமீட்டர் துளை போட்டு, பக்கத்து ஸ்டட்டுகளில் அதை மாட்டி வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 5 போட்டு, பிறகு 6.5. மிஞ்சும் தோலைக் கூரான பஞ்ச்சால் உள்பக்கம் மடித்து உரித்து, டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். டேப் எடுக்கும் முன் மரை அளவுகோல் வைத்து ஹெட் பக்க மரை அங்குலத்துக்கு 18ஆ 24ஆ என்று நல்ல துளை ஒன்றிலிருந்து வந்த ஸ்டட்டில் பாருங்கள். கைக்குக் கிடைத்த 8 மில்லிமீட்டர் டேப்பை விட்டுவிடாதீர்கள். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர். விட்டம் ஒன்றுபோலவே இருக்கும், மரை மட்டும் பொருந்தாது; மூன்று சுற்று போய் இருப்பதையும் தின்றுவிடும். மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்) போடுங்கள், சூட்டைத் தாங்கும். இரண்டுக்கு மேல் முறிந்தால் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்புவதுதான் கணக்குக்குச் சரி.

லேத்துக்கு என்றதும் ஒன்று: தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது போகாதீர்கள். டிராக்டரும் அறுப்பு இயந்திரமும் வரிசையில் நிற்க, உங்கள் மேனிஃபோல்டு மூலையில் கிடக்கும்.

கழற்றிய மேனிஃபோல்டில் வெடிப்பைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. நன்றாகத் தேய்த்து, ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பூசிக் காய விடுங்கள். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பிறகு நேர்ப்பட்டையை மூன்று முகத்துக்கும் சேர்த்து வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் புகுந்தால் முகத்தைச் சரி செய்ய வேண்டும்.

இங்கேதான் நல்ல பட்டறைகளே தவறுகின்றன. நடு நாலு வாஷர்கள் இரண்டு மேனிஃபோல்டின் விளிம்பையும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன என்று சொன்னேன் அல்லவா? எக்ஸாஸ்ட் முகத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் இழைத்தால் அதன் விளிம்பு இன்டேக்கைவிட மெலிந்துவிடும். வாஷர் சாய்ந்து இன்டேக்கை மட்டும் பிடிக்கும், எக்ஸாஸ்ட் தளர்வாக நிற்கும். புதுக் கேஸ்கட் போட்டும் ஒரு மாதத்தில் அதே டிக் டிக். இழைத்த பிறகு இரண்டு விளிம்பின் தடிமனையும் வெர்னியரால் அளந்து, வித்தியாசத்துக்கு ஏற்றபடி படி வைத்த வாஷர் நாலு கடைந்து வாங்குங்கள்.

வெடிப்பை வெல்டிங் வைத்து ஒட்ட முடியும். வெடிப்பின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை, ‘வி’ போல வெட்டு, மேனிஃபோல்டு முழுவதையும் முன்சூடு, நிக்கல் ராடு, ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ஓட்டாமல், ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி. திருவெறும்பூர் பாய்லர் ஆலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் வார்ப்பிரும்பு தெரிந்த வெல்டரைத் தேடலாம். முடிந்ததும் அரிசி ஆலை உமிச்சாம்பலில் புதைத்து மறுநாள் வரை விடுங்கள். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் உமிச்சாம்பலுக்கு இணை குறைவு; வேகமாக ஆறினால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். ஆனால் பல வருடம் சிவக்கச் சிவக்க வெந்து செதில் உரியும் வார்ப்பு வெல்டிங் பிடிக்காது. அதற்கு வேறு மேனிஃபோல்டுதான்.

மாட்டும்போது பழைய ஸ்டட் எதுவும் வேண்டாம். மேலே ஆறு ஸ்டட், ஆறு நட்டு, நாலு தடித்த வாஷர், இரண்டு சாதா வாஷர். கீழே ஆறு ஸ்டட், ஆறு பித்தளை நட்டு, இரண்டு வளையக் கேஸ்கட். பித்தளை நட்டு 24 மரையில் கடையில் கிடைக்காவிட்டால் அறுபட்டைப் பித்தளைக் கம்பியில் கடைந்து தரச் சொல்லுங்கள். குத்துவிளக்கு கடையும் நாச்சியார்கோயில் பக்கத்தில் பித்தளைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அம்பாசடர் கேஸ்கட் கிடைத்தால் வாங்கும் முன் பழையதன் மேல் வைத்து ஐந்து வாயும் ஆறு துளையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வாய் சிறிதாக இருந்தால் வேண்டாம். ஒரு பக்கம் தகடு வைத்த கேஸ்கட் என்றால் தகடு மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள், எரிந்து இடைவெளி விடும்.

மரைகளில் செம்பு ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பேஸ்ட்) மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதல் சுற்று 10, இரண்டாம் சுற்று 20 நியூட்டன் மீட்டர். மேனுவல் சொல்லும் 15 பவுண்டு அடி இதுதான். நம் கைக்கு இது போதாதது போலத் தோன்றும், அதற்காக ஒரு கால் சுற்று கூடுதலாகப் போட்டால் அடுத்த முறை முறியப் போவது அந்த ஸ்டட். கீழே ஆறையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கிவிட்டு, கியர்பாக்ஸ் பிராக்கெட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக இறுக்குங்கள். முதலில் அதை இறுக்கினால் பைப் ஒரு பக்கம் இழுத்த நிலையிலேயே மேனிஃபோல்டு மாட்டப்படும். பிராக்கெட் இல்லாமல் விட்டாலும், என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் பைப்பின் ஆட்டம் முழுக்க மேனிஃபோல்டில் விழுந்து வெடிக்கும். உங்களுடையதில் வெடிப்பு இருந்தால் மவுண்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

என்ஜினை இருபது நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மேலே ஆறையும் அதே 20க்கு ஒரு முறை சரிபாருங்கள். நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. அதற்குப் பிறகும் டிக் டிக் கேட்டு, சூடானாலும் அது குறையாமல் இருந்தால் மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். ராக்கர் கவரைத் திறந்து வால்வு இடைவெளியைப் பாருங்கள், 15 தவ், அதாவது 0.015 அங்குலம் இருக்க வேண்டும்.